மேலே ஆறு, கீழே கடல்

மட்டி எடுக்க வற்றத்தில்தான் போக வேண்டும். கடல் பின்வாங்கத் தொடங்கியதும் மலையிலிருந்து வரும் பழுப்புத் தண்ணீர் ஆற்றை முழுக்கத் தன் வசம் எடுத்துக்கொள்ளும். நட்டாற்றில்கூடக் கழுத்தளவுதான் இருக்கும். மூச்சைப் பிடித்து முங்கிச் சேற்றைத் துழாவினால் மட்டிகள் விரலில் இடறும். ஏற்றம் திரும்புவதற்குள் கூடையை நிரப்பிக்கொண்டு கரையேறிவிடுவார்கள் வுனிந்தோகோ ஊர்ப் பெண்கள். ஏறிய பிறகு அவரவர் உடம்பிலிருந்து சேறு வடிய வடிய உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள்.

அன்று காலை உனைசியின் கூடையில் பாதிக்கு மேல் வாய் பிளந்த மட்டிகள். ஒன்றை மூக்கருகே கொண்டுபோனாள். அழுகல் வாடை குப்பென்று அடித்தது. ஆற்றிலேயே விட்டெறிந்தாள்.

"எறியாதடி நாத்தி, அதுவும் நீந்திப் போய் உங்க அண்ணன்கிட்டப் புகார் சொல்லிடப் போகுது" என்றாள் லைசானி. பக்கத்தில் கழுத்துவரை தண்ணீரில் நின்றிருந்தாள்.

"புகார் சொன்னாலும் அவருக்குக் காது கேக்குமா, மதினி? கூரைத் தகரத்துல மழை பேஞ்சா வேற எதுவும் கேக்காதாமே."

லைசானி வாயில் தண்ணீரை அள்ளி அவள்மேல் பீய்ச்சினாள். தேவாலயத்துக்குப் புதுத் தகரக்கூரை போட்டுக் கொடுத்தது மணல் கம்பெனி. ஊர்த்தலைவர் அப்போரோசாவுக்கு எஞ்சின் படகு கொடுத்ததும் அந்தக் கம்பெனிதான். பதிலுக்கு, ஆறு கடலில் சேரும் இடத்தில் குறுக்கே கிடந்த மணல்திட்டை வெட்டி எடுத்துக்கொள்ள ஊர் சம்மதம் சொன்னது. அப்போரோசா உனைசியின் கூடப்பிறந்த அண்ணன். லைசானி அவர் மனைவி.

உனைசி புருஷன் செத்துப்போன பிறகு பிறந்த ஊருக்குத் திரும்பி வந்தவள். அண்ணன் தன் வீட்டுக்குப் பின்னால் அவளுக்கு ஒரு குடிசைக்கு இடம் கொடுத்திருந்தார். ஆனால் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது, முறை அப்படி. வயதுக்கு வந்த நாளிலிருந்து உடன்பிறந்தவளோடு ஆண்பிள்ளை நேருக்கு நேர் பேசக்கூடாது, பெயர் சொல்லக்கூடாது, ஒரு பாயில் உட்காரக்கூடாது. அது ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதை. எது வேண்டுமானாலும் லைசானி வழியாகத்தான் போகும், வரும். ஒரே அறையில் உட்கார்ந்திருந்தாலும், "மதினி, கிழங்கு இன்னும் வேணுமான்னு உங்க வீட்டுக்காரர்கிட்டக் கேளுங்க" என்பாள் உனைசி. அவர் காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் லைசானி திரும்பி இன்னொரு தடவை சொன்ன பிறகுதான் பதில் சொல்வார். "நடுவுல நின்னு நின்னு எனக்குத் தொண்டை வத்திப்போச்சு, நீங்க ரெண்டு பேரும் ஒரு ரேடியோ வாங்கிக்கக் கூடாதா?" என்று லைசானி அலுத்துக்கொள்வாள்.

மணல்திட்டை வெட்டத் தொடங்கிய பிறகு ஆற்றில் என்ன மாறியது என்று உனைசிக்கு உடம்பால் தெரியும். முன்பெல்லாம் ஏற்றத்தில் தண்ணீர் உயரும், ஆனால் அது ஆற்றுத் தண்ணீராகவே உயரும். கடல் வெளியே நின்று அணைபோலத் தடுக்க, ஆறு தேங்கி மேலேறும். உப்பு கண்டல் காட்டோடு நின்றுவிடும். இப்போது தடுக்கத் திட்டு இல்லை. ஏற்றம் தொடங்கியதும் உப்புத்தண்ணீர் கனமாக அடியோடு அடியாக ஊர்ந்து ஊரைத் தாண்டி வந்துவிடுகிறது. மேலே பார்த்தால் அதே பழுப்பு ஆறு. முங்கினால் மார்புக்குக் கீழே வேறு தண்ணீர், தெளிவாக, ஆளை மேலே தள்ளும் தண்ணீர். இரண்டும் சேரும் இடத்தில் எண்ணெய் கலந்ததுபோல ஒரு நெளிவு. மட்டி உப்புக்கு வாயை இறுக மூடிக்கொண்டு, வற்றத்தில் ஆறு திரும்பி வரும்வரை மூச்சடக்கிக் கிடக்கும். ஒரு நாள் கிடக்கும், இரண்டு நாள் கிடக்கும். ஏற்றம் ஒவ்வொன்றுக்கும் மூடி மூடிக் கடைசியில் பட்டினியில் வாய் பிளந்துவிடும்.

இதையெல்லாம் சந்தைக்குப் போன நாளில் நகரத்து அரசு அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள் உனைசி. ஆளை அனுப்பி அளந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். அனுப்பும் நாளை ஊர்த்தலைவரிடம் கேட்டு முடிவு செய்திருந்தார்கள். அது இன்றைக்கு.

"அதிகாரி எப்ப வர்றாராம்?" என்று கேட்டாள் உனைசி.

"இப்ப வருவாரு. உங்க அண்ணனே படகுல கூட்டிட்டு வரப் போயிருக்காரு."

"இப்பவா? வற்றத்துலயா?"

லைசானி தலைமுடியைப் பிழிந்தாள். மலையில் வேறு இரண்டு நாளாக மழை. வற்றமும் மழைத்தண்ணீரும் சேர்ந்து ஆறு இன்று மேலிருந்து அடிவரை தித்திக்கும். வந்து அளந்துவிட்டு, "நல்ல தண்ணீர்தானே" என்று சொல்லிவிட்டு, படகு தரை தட்டுவதற்குள் அதிகாரி போய்விடுவார்.

"உங்க வீட்டுக்காரருக்கு நாள் பார்க்க நல்லாத்தான் தெரியுது" என்றாள் உனைசி.

"என்னை எதுக்கு முறைக்கிற? நானா நாள் பார்த்தேன்?" லைசானி கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் ஒரு குறும்பு வந்தது. "படகு தரை தட்டிடுச்சுன்னா அவரால போக முடியாதுல்ல?"

அதிகாரி வந்தார். இலைத்தியா என்று பெயர். மலைநாட்டுக்காரர், கனத்த உடம்பு, சிரித்த முகம். ஊருக்கு முன்னால் படகிலிருந்தபடியே கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கினார். மேலே, நடுவில், அடியில். மூன்றும் நல்ல தண்ணீர். அப்போரோசா கரையிலிருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்துக் கையை விரித்தார். பிறகு விருந்தாளிக்கு யங்கோனா வேரை இடித்துக் கரைத்த பானம் கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்கு அழைத்துப் போனார். போகும்போது லைசானியிடம், "தண்ணி குறையக் குறையப் படகை ஆழத்துக்குத் தள்ளிக்கிட்டே இரு. ஒரு கிண்ணம் குடிச்சதும் கிளம்பணும்" என்றார்.

அவர் தலை மறைந்ததும் பெண்கள் படகைச் சுற்றிக்கொண்டார்கள். ஆழத்துக்குத் தள்ளவில்லை. கண்டல் மரங்களுக்குள், மேட்டுச் சேற்றின்மேல், இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருந்த வாய்க்காலில் நுழைத்து இழுத்தார்கள். லைசானிதான் எல்லோருக்கும் முன்னால். சிரிப்பில் அவளுக்குக் கால் வழுக்கி, எஞ்சினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். "என் புருஷனைக்கூட நான் இப்படிக் கட்டிப்பிடிச்சதில்ல" என்றாள். உனைசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். புருஷன் போன பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான்.

ஆண்கள் திரும்பி வந்தபோது வாய்க்கால் வற்றிப் படகு தொடையளவு சேற்றில் பன்றிபோலப் படுத்திருந்தது.

"யாரு இதை இங்க இழுத்தது?" அப்போரோசாவின் குரல் தாழ்ந்திருந்தது.

"வற்றம் இழுத்துட்டுப் போயிடுமோன்னு பயந்து உள்ள கட்டினோம்" என்றாள் லைசானி, மண்ணைப் பார்த்தபடி.

அவர் மனைவியைப் பார்த்தார். உனைசி இருந்த பக்கம் திரும்பவில்லை. திரும்பக்கூடாது. "சாயங்கால ஏற்றம் வந்தாத்தான் மிதக்கும்" என்று விருந்தாளியிடம் சொன்னார்.

"நல்லதாப் போச்சு. சாப்பாடு வாசனை வருது" என்றார் இலைத்தியா.

தேங்காய்ப் பாலில் கீரையும் மீனும் வெந்திருந்தன. சாப்பிட்டுவிட்டு ஈரப்பலா மரத்தடியில் அவர் குட்டித்தூக்கம் போட்டார். வெயில் சாய்ந்தபோது ஆற்றின் ஓட்டம் நின்றது. மிதந்துகொண்டிருந்த ஒரு தேங்காய் மட்டை கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு மெல்ல மலைப்பக்கம் நகரத் தொடங்கியது. உனைசி அவரை எழுப்பினாள்.

"தம்பி, படகு மிதக்க இன்னும் நேரம் இருக்கு. சும்மாதானே இருக்கீங்க. இன்னொரு தடவை இறக்கிப் பாருங்க."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவளையும் கண்டல் காட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "படகு தானாத் தரை தட்டலை, இல்லையா அத்தை?"

"அது பெண்பிள்ளைங்க சமாச்சாரம்."

மூங்கில் தெப்பத்தில் இரண்டு பேரும் போனார்கள். உனைசி கழி ஊன்றினாள். காலையில் அளந்த அதே இடம். மேலே நல்ல தண்ணீர். கருவி இன்னும் கீழே போனது. இலைத்தியாவின் முகம் மாறியது. கயிற்றை இழுத்து, மறுபடி விட்டார். நம்பாமல் இன்னொரு தடவை. உனைசி தண்ணீரில் இறங்கி முங்கினாள். அடியிலிருந்து ஒரு வாய்த் தண்ணீரோடு எழுந்து, அவர் நீட்டிய கையில் உமிழ்ந்தாள். அவர் நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கடல்" என்றார்.

"இருட்டுறதுக்குள்ள அந்த வளைவு வரைக்கும் போயிடும். குளிக்கிறது, பாத்திரம் கழுவுறது எல்லாம் மேல இருக்கிற தண்ணில. அதனால ஆம்பளைங்களுக்குத் தெரியாது. கீழ போறவளுக்குத்தான் தெரியும்."

அவர் கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். சிரிப்பு போயிருந்தது. "நீங்க சொல்றது நிஜம் அத்தை. ஆனா இந்தக் கருவிக்கு இன்னைக்கு மட்டும்தான் தெரியும். திட்டு இருந்தப்போ உப்பு இங்க வந்ததா வரலையான்னு இதுக்குத் தெரியாது. ஆத்துவாய்னா உப்பு வரத்தான் செய்யும்னு கம்பெனி சொல்லும். முன்னாடி வந்ததில்லன்னு ஊர் சொல்லணும். ஊர் ஒரு வாயாச் சொன்னா, வெட்டுறதை நிறுத்தி வைக்க எங்களால முடியும்."

"ஊர் சொல்லும்" என்றாள் உனைசி. அவள் அதில் துளியும் சந்தேகப்படவில்லை. காலையில் படகைச் சேற்றில் இழுத்த கைகள்தானே எல்லாம்.

பொழுது சாய்வதற்கு முன் ஊர் கூடியது. யங்கோனாத் தொட்டிக்குப் பின்னால் அப்போரோசா, பக்கத்தில் பாதிரியார், விருந்தாளி. வாசல் பக்கமாகப் பெண்கள். உனைசி தூணுக்கு அருகே உட்கார்ந்தாள். அண்ணனுக்கும் அவளுக்கும் நடுவே, எப்போதும்போல லைசானி. முதல் கிண்ணம் சுற்றிவரும்போது வாசலில் நிழல் விழுந்தது. மணல் தோண்டும் கம்பெனிக் கப்பலிலிருந்து வேலை முடிந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களில் லைசானியின் மகன் செவுலோனியும் இருந்தான். கம்பெனிச் சட்டை, நெஞ்சில் கம்பெனிப் பெயர், காலில் மஞ்சள் பூட்ஸ். அதை வெளியே கழற்றி ஒழுங்காக வரிசையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன். பெண் பார்த்திருந்தார்கள். மகன் உட்கார்வதை லைசானி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இலைத்தியா தான் அளந்ததைச் சொன்னார். வற்றத்தில் இப்படி, ஏற்றத்தில் இப்படி. "திட்டு வெட்டுறதுக்கு முன்னாடி எப்படின்னு ஊர்தான் சொல்லணும்" என்று முடித்தார்.

தலைவர் உட்கார்ந்திருக்கும்போது முதலில் யார் பேசுவது? பெண்கள் மடியிலிருந்த கைகளைப் பார்த்தார்கள். உனைசி காத்திருந்தாள். பிறகு, முறைப்படி, லைசானியின் முதுகைப் பார்த்துப் பேசினாள்.

"மதினி, உங்க வீட்டுக்காரர்கிட்டக் கேளுங்க. திட்டு வெட்டுறதுக்கு முன்னாடி, எந்தப் பௌர்ணமி ஏற்றத்துலயாவது நம்ம மட்டித் தரைக்கு உப்பு வந்திருக்கான்னு கேளுங்க. அவரும் என்கூட அங்க முங்கிக் குளிச்சவர்தான்."

லைசானி கணவன் பக்கம் திரும்பினாள். திரும்பும் வழியில் கண் மகனிடம் போய் நின்றது. அவன் தலையைக் குனிந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"பெரிய ஏற்றத்துல உப்பு வர்றது எப்பவும் வழக்கம்தானேன்னு கேக்கறா" என்றாள் லைசானி.

"ஆமா. வழக்கம்தான்" என்றார் அப்போரோசா.

உனைசிக்குத் தன் காதில் விழுந்தது முதலில் விளங்கவில்லை. "நான் அப்படிக் கேக்கல மதினி."

லைசானி திரும்பவில்லை.

"மதினி. நான் கேட்டது அது இல்ல. திருப்பிச் சொல்லுங்க."

லைசானியின் தோள்கள் ஒரு தடவை உயர்ந்து தாழ்ந்தன. அவ்வளவுதான். பின்னால் யாரோ இருமினார்கள். காலையில் படகின் மூக்கைப் பிடித்து இழுத்த இன்னொரு பெண் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவள் மருமகனும் கப்பலில்தான் இருந்தான். உனைசி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை.

"அண்ணே!" என்றாள்.

கிண்ணம் பாதி வழியில் நின்றது. அப்போரோசா அடிபட்டவர்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணே, என்னைப் பாத்துச் சொல்லு. அங்க உப்பு வந்ததா? தாகம் எடுத்தா முங்கி அடித்தண்ணிய அள்ளிக் குடிச்சோமே, நீயும் நானும். உப்பாவா இருந்துச்சு? பொய் சொல்லாத. மட்டி செத்துக்கிட்டு இருக்கு."

"வாயை மூடு உனைசி!" என்று ஒரு கிழவர் கத்தினார். பாதிரியார் கையை உயர்த்தினார். பெண்கள் பக்கமிருந்து ஒரு அழுகை கிளம்பியது. அப்போரோசா எழுந்தார். எழுந்தவர் தங்கையைப் பார்க்காமல், இடுப்பில் கட்டியிருந்த சுலுத்துணியின் முனையால் முகத்தை மறைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக வெளியே போனார். கூட்டம் அதோடு கலைந்தது. எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கூடப்பிறந்தவன் பெயரை ஊர் நடுவில் கெடுத்துவிட்டாள், அவனை நேராகக் கூப்பிட்டுப் பேசிவிட்டாள், இனி அந்த வீட்டுக்கு என்ன கேடு வருமோ என்று. உப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

படகு மிதந்துவிட்டது. செவுலோனி எஞ்சினை முடுக்கினான். ஏறுவதற்கு முன் இலைத்தியா உனைசியிடம் வந்தார். அவரும் அதே முறையில் வளர்ந்தவர், அதனால் அவருக்கும் அவளை நேராகப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. "நான் அளந்ததைச் சொல்வேன் அத்தை. ஊர் சொன்னதையும் சொல்லியாகணும்" என்றார்.

"ஊர் எதுவும் சொல்லலையே தம்பி."

"தலைவர் சொன்னா ஊர் சொன்னதுதான்" என்றார். அவருக்கே அது பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. ஏறி உட்கார்ந்தார். படகு போனது.

சில வாரங்களில் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஆற்றுமுகத்தில் பெரிய ஏற்றங்களின்போது இயல்பாக வரும் உப்புதான், வேலை தொடரலாம் என்று. தோண்டும் கப்பல் ஒரு நாளும் நின்றிருக்கவில்லை.

அதற்கு முன்பே உனைசியிடம் பாதிரியார் வந்து பேசியிருந்தார். அவள் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் அந்தக் குடிசையில் இருக்க முடியாது. சந்தையில் யங்கோனா வேர்க்கட்டு வாங்கிக்கொண்டு, பிறந்த வீட்டு வாசலில் மண்டியிட்டாள். அவளுக்காக ஒரு பெரியவர் பேசினார். அப்போரோசா உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வேரைத் தொட்டு ஏற்றுக்கொண்டார். எல்லோரும் கையைக் குவித்துத் தட்டினார்கள். அவர் லைசானியிடம் ஏதோ சொன்னார்.

"மறந்துட்டாராம். பழையபடி இருக்கலாமாம்" என்றாள் லைசானி.

உனைசி தலைகுனிந்து அதைக் கேட்டுக்கொண்டாள். இந்தத் தடவை அவர் என்ன சொன்னார், இவள் என்ன சொல்கிறாள் என்று யாருக்குத் தெரியும்?

பழையபடி வற்றம் பார்த்து ஆற்றுக்கு வந்தார்கள். ஆனால் பேச்சு இல்லை. உனைசி முங்கினாள், எழுந்தாள், முங்கினாள். கூடையில் செத்ததுதான் விழுந்தது. மற்ற பெண்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் கரையில் அவளும் லைசானியும் மட்டும் இருந்தார்கள்.

"எத்தனை நாளைக்கு இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்ப?" என்றாள் லைசானி. குரலில் கேலிக்கு முயற்சி இருந்தது. "என் இடத்துல நீ இருந்தா என்ன பண்ணியிருப்ப? சொல்லு. உன் வயித்துல பொறந்தவன் அந்தச் சட்டையோட வந்து எதிர்ல உட்கார்ந்திருந்தா?"

உனைசிக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"உங்களை மாதிரியேதான் பண்ணியிருப்பேன்."

"அப்புறம் என்ன?"

"அதான் மதினி மனசு ஆறவே மாட்டேங்குது."

லைசானி அழுதாள். உனைசி அவளைத் தொடவில்லை. செத்த மட்டிகளைக் கொட்டிக் கூடையை அலசினாள். அலசிய தண்ணீர் வற்றத்தோடு கடல்பக்கம் போனது.

மறுவாரம் அவள் ஆற்றோடு மேலே நடந்து, வளைவுக்கு அப்பாலிருந்த அடுத்த ஊருக்குப் போனாள். அவர்களுடைய தரையில் முங்க அவர்களுடைய அனுமதி வேண்டும். யங்கோனாவைக் கீழே வைத்து, தலைகுனிந்து, ஒரு ஓரமாக எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டாள். அங்கிருந்த பெண்களுக்கு அவள் யார், அண்ணனிடம் என்ன செய்தவள் என்று தெரிந்திருந்தது.

"உங்க ஊர்லதான் கப்பல் சம்பளம் கொட்டுதே. இங்க எதுக்கு வந்தே?" என்றாள் ஒருத்தி.

"அங்க மட்டி இல்ல."

"ஏன் இல்ல?"

உனைசி வாயைத் திறந்தாள். ஏற்றம், உப்பு, திட்டு என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இங்கேயும் உப்பு வர எத்தனை நாள் ஆகும் என்றும் சொல்லலாம். கேட்டவளின் முகத்தைப் பார்த்தாள். அவள் கேட்டது பதிலுக்காக இல்லை.

"தெரியல" என்றாள்.

அந்தக் கடைசியில், மாடுகள் இறங்கும் துறைக்குக் கீழே எடுத்துக்கொள் என்று கையைக் காட்டினார்கள். உனைசி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள்.